வேலை போய்விட்டதா? அன்றைக்கே தொடங்கிச் செய்ய வேண்டியவை

வேலை வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். வேலை போனால் அன்று மாலை என்ன செய்வது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் எச்.ஆர். ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "இப்போதைக்கு உங்க ரோல் தேவைப்படலை" என்று ஆரம்பித்தால் பலருக்குக் காது அடைத்துவிடும். அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். பிறகுதான் ஒவ்வொன்றாக உறைக்கும். ஓ.எம்.ஆர்., சிறுசேரி, அம்பத்தூர், கோவை பக்கம் தனியார் கம்பெனிகளில் வேலை பார்த்து முதல்முறையாக இந்த நிலைமைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒன்று. இது உங்கள் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண் இல்லை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது அங்கே கை வேகத்துக்குப் பெயர்போன பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோதும், அங்கே வண்டி செய்தவர்களின் வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாகச் சொன்னது. எங்கோ உட்கார்ந்து போடும் கணக்கில் நம் பெயர் ஒரு வரியில் வந்து விழுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால்

"நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும், டெர்மினேஷன்னு போட்டா அடுத்த கம்பெனியில கஷ்டம்." இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. அது முழுப் பொய்யும் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. நீங்களாக ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுத்துவிட்டால், ஆட்குறைப்புக்காகச் சட்டப்படி கிடைக்க வேண்டிய இழப்பீட்டைப் பிறகு கேட்பது மிகவும் கடினம். அதனால் அந்த அறையில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "நீங்க சொல்றதை எல்லாம் மெயில்ல அனுப்புங்க, வீட்ல கலந்து பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்." கோபப்பட வேண்டாம், அழுதாலும் தப்பில்லை, ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். எத்தனை மாதச் சம்பளம் தருவதாகச் சொல்கிறார்கள், நோட்டீஸ் காலத்துக்குப் பணம் உண்டா, ரிலீவிங் லெட்டரில் என்ன எழுதுவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகு முடிவெடுங்கள். நல்ல தொகை எழுத்துப்பூர்வமாகத் தருகிறார்கள் என்றால் ராஜினாமாவாகப் போவது பலருக்குச் சரிப்பட்டு வரும் என்பது என் அபிப்பிராயம். ஒன்றும் தராமல் பேப்பர் மட்டும் கேட்டால் போடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்திருக்கட்டும். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஐ.டி. கம்பெனிக்கு இதெல்லாம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொழிலாளர் சட்டங்களிலிருந்து ஐ.டி.க்கு விலக்கு இல்லை, சங்கம் வைக்கவும் உரிமை உண்டு என்று 2016-இலேயே தமிழக அரசு தெளிவாக்கிவிட்டது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் 'தொழிலாளர்' வரையறைக்குள் வரமாட்டார்கள்தான். ஆனால் விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருந்தாலே அப்படி ஆகிவிடாது, நீங்கள் உண்மையில் செய்த வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். உங்கள் விஷயம் இழுபறியாகத் தெரிந்தால் ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் அரைமணி நேரம் பேசுங்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் 15100.

லாகின் எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. அதனால் அன்றைக்கே உங்களுடைய சம்பளச் சீட்டுகள், படிவம் 16, ஆஃபர் லெட்டர், பதவி உயர்வு மற்றும் இன்கிரிமென்ட் கடிதங்கள், மீதமிருக்கும் விடுப்புக் கணக்கு, மெடிக்கல் இன்சூரன்ஸ் அட்டை ஆகியவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். உங்களுக்குச் சொந்தமான காகிதங்கள் மட்டும். கம்பெனியின் சாஃப்ட்வேர் கோடு, கிளையன்ட் ஃபைல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதையே காரணமாகக் காட்டி வரவேண்டிய பணத்தை நிறுத்த முடியும்.

அன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வேலை போன பிறகும் தினமும் காலை எட்டேகாலுக்குச் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பைக்குள் லேப்டாப்பே கிடையாது, அதைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்தாயிற்று. மனைவி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில், பழைய நோட்டு ஒன்று, அவ்வளவுதான். திருவான்மியூர் ரயில் நிலையத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார், வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு மாலுக்குள் போய்விடுவார், சாயங்காலம் அலுவலகம் விடுகிற நேரம் பார்த்து வீட்டுக்குத் திரும்புவார். மாதம் பிறந்ததும் சம்பளம் வந்த மாதிரி காட்ட கிரெடிட் கார்டிலிருந்து பணம் எடுத்துக் கணக்கில் போட்டார். மனைவிக்குத் தெரியவந்தபோது, வேலை போனதற்காக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இத்தனை நாள் தனியா உட்கார்ந்திருந்தீங்களா?" என்றுதான் கேட்டார். ஆனால் கடன் அதற்குள் வளர்ந்திருந்தது.

மறைக்கும் ஒவ்வொரு நாளும் செலவு பழையபடியே நடக்கும், நீங்களும் வேலை தேட மாட்டீர்கள், நடிப்பதற்கே நேரம் போய்விடும். அதனால் மனைவி அல்லது கணவரிடம் அன்று இரவே, பிள்ளைகள் தூங்கிய பிறகு, டி.வி.யை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். கூடவே கையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள், தொகை தெரிந்தால் பாதி பயம் அடங்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மறுநாள் எளிமையாகச் சொல்லலாம்: "அப்பாவுக்கு வேலை மாறப்போகுது, கொஞ்ச நாள் வீட்ல இருப்பேன், வெளியே சாப்பிடறது மட்டும் குறைச்சுக்கலாம்." பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவிடம் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சொன்னாலும் பாதகமில்லை, ஆனால் வேறு யார் மூலமாவது அவர்கள் காதுக்குப் போவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டில் "இப்ப எந்தக் கம்பெனி?" என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு, "அந்தக் கம்பெனியில ஆள் குறைச்சாங்க சித்தப்பா, இப்ப தேடிட்டு இருக்கேன், உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வராது. சில சமயம் நிஜமாகவே ஒரு போன் நம்பர் கிடைக்கும்.

வரவேண்டிய பணம்

ஊதியச் சட்டத் தொகுப்பின்படி வேலையை விட்டு அனுப்பினாலும் நீங்களே விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். 'எஃப் அண்ட் எஃப்' என்ற இறுதிக் கணக்குத் தீர்ப்பு முடிய நாற்பத்தைந்து நாள் ஆகும் என்று கம்பெனி சொன்னால் இந்த விதியை மரியாதையாக மெயிலில் நினைவுபடுத்துங்கள்.

கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஐந்து ஆண்டு தொடர் பணி இருந்தால் கிடைக்கும், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஓராண்டு போதும். கணக்கு இதுதான்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படை 40,000 ரூபாய், பணி 6 ஆண்டு என்றால் ஏறக்குறைய 1,38,460 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் முழு ஆண்டாகக் கணக்காகும். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதமானால் வட்டி கேட்கலாம். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, அந்த நிலையில் இருப்பவர்கள் விட்டுவிடாமல் கேளுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்கலாமா என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வரும். என்னைக் கேட்டால், வேறு வழி எல்லாம் அடைபட்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும். வேலை இல்லாவிட்டாலும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், 2024-25-க்கான வட்டி 8.25 சதவீதம். ஐந்து ஆண்டு பணி முடியாமல் எடுத்தால் வரி விழலாம். அதைவிட முக்கியம், பி.எஃப்.-ஓடு சேர்ந்து வரும் பென்ஷன் பகுதியை எடுத்துவிட்டால் அத்தனை ஆண்டு சர்வீஸும் அழிந்துவிடும். பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஏழு எட்டு ஆண்டு முடித்தவர்கள் சில ஆயிரங்களுக்காக அதைக் கரைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் பி.எஃப். பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். கம்பெனி நீங்கள் வெளியேறிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்றும் பாருங்கள், செய்யவில்லை என்றால் இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்குகளுக்கான பொது எண்) தளத்தில் நீங்களே போட்டுவிடலாம்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. தினச் சராசரி ஊதியத்தில் 50 சதவீதம், 90 நாள் வரை கிடைக்கும். திட்டத்தை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள், பக்கத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

போகும் பணம்

ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கையிருப்பு, வரப்போகும் செட்டில்மென்ட், எஃப்.டி. எல்லாம். வலப்பக்கம் மாதச் செலவு: வாடகை அல்லது இ.எம்.ஐ., மளிகை, பால், கரண்ட், கேஸ், பள்ளிக்கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தது, பெற்றோர் மருந்து, இன்சூரன்ஸ் பிரீமியம். இடத்தை வலத்தால் வகுங்கள். ஆறு லட்சமும் மாதம் 55,000 செலவும் என்றால் கிட்டத்தட்ட பதினோரு மாதம். இந்த எண்ணைப் பார்த்த பிறகு பலருக்கு அன்று இரவு தூக்கம் வரும். எண் இரண்டோ மூன்றோ என்றால் அதற்கேற்ற வேகத்தில் முடிவுகள் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி வைக்கலாம், அபராதம் பெரிதாக எதுவும் இருக்காது. ஆயுள் காப்பீட்டை நிறுத்தாதீர்கள், வருட அல்லது காலாண்டு பிரீமியத்துக்கு 30 நாள், மாதப் பிரீமியத்துக்கு 15 நாள் அவகாசம் உண்டு. வீட்டுக்கடன் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்னால் வங்கிக்கு நேரில் போங்கள். 90 நாள் கட்டாமல் போனால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்குப் பிறகு பேசுவதும் முன்னால் பேசுவதும் ஒன்றல்ல. வேலை போன கடிதத்தைக் காட்டி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேளுங்கள். பள்ளியிலும் தலைமை ஆசிரியரைப் பார்த்து, கட்டணத்தைப் பிரித்துக் கட்ட அனுமதி கேளுங்கள், கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டுவது பெரிய பள்ளம், ஆண்டுக்கு 40 சதவீதம் அளவுக்கு வட்டி ஓடும். உடனடிக் கடன் ஆப்களின் பக்கமே போகாதீர்கள். அவசரம் என்றால் வங்கியில் நகைக்கடன் எவ்வளவோ மேல், ஆனால் வீட்டில் கேட்டுவிட்டு.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ள பெற்றோர் அதில் இருந்தால் இதுதான் உங்களுடைய மிகப் பெரிய ஓட்டை. அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது, ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலத்துக்கும் கணக்கு உண்டு. கடைசி நாளுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் பிரீமியச் சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நாட்களை எப்படிக் கழிப்பது

முதல் வாரம் ஒன்றும் செய்யாமல் தூங்கினாலும் சரி. இரண்டாவது வாரத்திலிருந்து எழும் நேரம் மட்டும் பழையபடி இருக்கட்டும். காலையில் மூன்று மணி நேரம் வேலை தேடுவது, மதியம் ஏதாவது ஒன்றைப் படிப்பது, சாயங்காலம் நடை. அதற்கு மேல் தேடினால் பலன் கூடாது, மனம்தான் தேயும். பகலில் வீட்டில் இருக்கும்போதுதான் இந்த வீடு எப்படி ஓடுகிறது என்று தெரியவரும்: தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் யாரைத் தேடுகிறது, அம்மா மாத்திரையை எப்போது மறக்கிறார். பலருக்கு இது முதல் பாடம். சம்பளம் கொண்டுவருவதைத் தவிர நமக்கு வீட்டில் வேறு இடமே இல்லாமல் வைத்திருந்தோம் என்பது அப்போது புரியும், அந்த இடத்தை இப்போதே பிடித்துக்கொள்ளலாம். காய்கறி வாங்குவது, பாடம் சொல்லித்தருவது, சமையலில் ஒரு வேளையை எடுத்துக்கொள்வது என்று எதையாவது உங்கள் பொறுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். 14416 அல்லது 104-க்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

தேடும்போது

ஐ.டி.யில் பலருக்கு 90 நாள் நோட்டீஸ் இருப்பதால், நாளைக்கே சேரக்கூடியவருக்குத் தனி மதிப்பு உண்டு. 'இம்மீடியட் ஜாயினர்' என்பதை ரெஸ்யூமேயின் தலைப்பிலேயே போடுங்கள். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் புரொஃபைலை இரண்டு நாளுக்கு ஒருமுறை சின்னதாகத் திருத்திச் சேமித்தால் ரெக்ரூட்டர் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். ஆனால் அதைவிடப் பழைய சகாக்கள்தான் கைகொடுப்பார்கள். "ஏதாவது இருந்தா சொல்லு" என்று அனுப்பினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "உங்க கம்பெனியில டெஸ்டிங்ல இந்த வேலை போட்டிருக்காங்க, எனக்கு அதுல ஆறு வருஷ அனுபவம், ரெஃபர் பண்ண முடியுமா?" என்று கேட்டால் அவருக்கு ஐந்து நிமிட வேலை. இன்டர்வியூவில் ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால், ஆட்குறைப்பு என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உங்கள் வேலைக்கு வந்துவிடுங்கள். பழைய மேனேஜரைக் குறை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

ஐ.டி.க்கு வெளியே தேடுபவர்கள் தமிழக அரசின் தனியார் வேலை இணையதளத்தையும், மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் நடக்கும் முகாம்களையும் பாருங்கள்.

இந்த நேரத்தில் ஏமாற்றுக்காரர்கள் நம்மைத் தேடி வருவார்கள். வேலை தருகிறேன் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அது வேலை இல்லை. 'பேக்டோர்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள், வீட்டிலிருந்தே லைக் போட்டால் சம்பளம் என்று டெலிகிராமில் வருபவர்கள் எல்லாம் ஒரே இனம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் மோசடிக் கூடாரங்களில் சிக்கிய தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். இடைவெளியை மறைக்கப் போலி அனுபவச் சான்றிதழும் வாங்காதீர்கள், பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். பதிவை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை வந்தால் எடுப்பதா என்பதற்கு அந்த வெள்ளைத்தாள்தான் பதில். எட்டு மாதம் தாங்கும் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். இரண்டு மாதம்தான் என்றால் சேர்ந்துவிட்டு அங்கிருந்து தேடுங்கள்.

புது வேலை கிடைத்ததும்

பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று திறக்க விடாதீர்கள். பழைய பி.எஃப். கணக்கு மாறி வந்துவிட்டதா என்று பாஸ்புக்கில் பார்த்து உறுதி செய்யுங்கள். அதே நிதியாண்டில் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளம், செட்டில்மென்ட் விவரங்களைப் புது இடத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் வரிக்கழிவு கணக்காகி, ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பெரிய தொகையாக வந்து நிற்கும். கம்பெனி காப்பீடு மறுபடி கிடைத்தாலும், இடையில் எடுத்த சொந்த பாலிசியை விடாதீர்கள். அடைக்க வேண்டிய கடனில் கிரெடிட் கார்டு முதலில், நகை அடுத்து. அதன் பிறகு அந்தத் தாளின் இடப்பக்கத்தை ஆறு மாதச் செலவு அளவுக்கு உயர்த்தும் வரை புது வண்டி, புது போன் எதுவும் வேண்டாம்.